எஸ்தரின் ஜீப்புக்கு அடியில் ஒரு தகடு

எஸ்தர்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவனை நீ பார்த்திருக்க மாட்டாய். உன் அம்மா பார்த்துவிட்டாள். "ஏன், நேர்ல சொன்னா பிள்ள கேக்க மாட்டாளாக்கும்" என்று சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள். நேரில் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜீப்பைப் பற்றி எப்போது உன்னிடம் பேச வாயெடுத்தாலும் ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் முடிக்கிறேன். "இனிமேல் மலைக்குப் போக வேண்டாம்" என்று காலையில் சொல்ல வந்தவன், சாயங்காலம் "ஸ்பேர் போல்ட் எடுத்துக்கிட்டியா" என்று கேட்டிருக்கிறேன். "எதுக்குப்பா என்னையும் சேத்துக் குழப்புதீக" என்று நீ ஒருநாள் அலுத்துக்கொண்டாய். நியாயம்தான். கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்து அறிவிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள், எழுதினாலாவது நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறதா பார்க்கலாம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. உனக்கு மாமனாராகப் போகிறவரிடம் கொடுத்தும் வாசிக்கச் சொல்லலாம்.

நீ ஜீப்பை எண்ணெய் ஒழுக ஒழுக ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்திய அன்றைக்குத்தான் இதெல்லாம் தொடங்கியது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த நீ, அங்கே டிரைவர் ஓய்வு பெற்று வேறு ஆள் கிடைக்காமல் போனபோது ஆஸ்பத்திரி ஜீப்பை நீயே ஓட்டக் கற்றுக்கொண்டாய். எனக்கு அப்போது பெருமைதான். நம் ஆமத்தூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். மலைமேல் குடியிருப்புக்கு நீ வாரா வாரம் மருந்தோடு போகிற பாதை பாதையே இல்லை, ஓடைக்குள்ளும் பாறைக்கு மேலும் உருண்டு போகிற தடம் என்பதை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு இறங்கி வரும்போது ஒரு கல் ஜீப்பின் அடிவயிற்றில் இடித்து, எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் நிற்கிற சம்பு கீறிவிட்டது. நீ குளிக்கிற சோப்பைப் பிசைந்து கீறலில் அப்பிவிட்டு, வழியெல்லாம் நின்று நின்று எண்ணெய் ஊற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாய். முகத்தில் கரி, சேலை முந்தானையில் எண்ணெய். இறங்கியதும் முதல் வார்த்தை, "அப்பா, கீழ ஒரு தகடு அடிச்சுக் குடுக்கீகளா?" என்றாய். நான் "குடுத்துட்டாப் போச்சு" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். நான் அச்சாபீஸ் மெக்கானிக். யாராவது ஒன்று பழுது என்றால் சரிசெய்து தருகிறேன் என்றுதான் எனக்குச் சொல்ல வரும்.

சம்பை வெல்டிங் வைத்த பிறகு, ஞாயிறு கோயில் முடிந்து வந்து ஜீப்புக்கு அடியில் படுத்து அளவெடுத்தேன். பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டி, முன்பக்கத்துக் குறுக்குச் சட்டத்திலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் பிடித்துப் பார்த்தேன். தகட்டை எஞ்சினில் மாட்டக் கூடாது, வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேஸில்தான் மாட்ட வேண்டும். இடித்தால் இடி சேஸுக்குப் போகும், சம்புக்குப் போகாது. தகட்டுக்கும் சம்புக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி வேண்டும். எண்ணெய் மாற்றுகிற இடத்தில் ஓட்டை, காற்று போக ஓட்டை, முன்னால் மூக்குப்போல மேலே வளைவு. இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா குனிந்து பார்த்தாள். "இதப் போட்டா இன்னும் மேல போவாளா, இல்ல போற எடம் வரைக்கும்தான் போவாளா?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டேன். 

அந்த வாரமே சாத்தூரிலிருந்து உன் மாமனார் வந்தார். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். "தோத்திரம் சம்மந்தி" என்று உட்கார்ந்தவர் பத்திரிகையைத் திறக்கவே இல்லை. உன் அம்மா காப்பி வைக்க உள்ளே போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அந்த வண்டிக்கு அடியில தகடு போடப் போறீகளாமே?"

"ஆமா. அட்டையெல்லாம் வெட்டியாச்சு."

"போடாதீக."

நான் ஏன் என்று கேட்டேன்.

"வண்டி இப்பிடியே அடி வாங்கிட்டுக் கெடந்தா ஆஸ்பத்திரிக்காரகளே அங்கிட்டுப் போறத நிறுத்திருவாக. பிள்ளைய நாம யாரும் வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல. அது பாட்டுக்கு வார்டுல வேல பாக்கட்டும். நல்ல பிள்ள, எனக்கு அதுல கொற ஒண்ணுமில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அவருடைய தம்பியைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்னவோ. பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். "அம்மா என்னையத்தான் குடுத்துட்டு வரச் சொன்னாக. நான் சைக்கிள்ள பாதி வழி போகல, சத்தம் கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காப்பி வந்தது. குடித்தார். எழுந்திருக்கும்போது, "வேலைக்குப் போனவுக வந்து சேருற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கிறது எங்க வீட்டுக்குப் போதும் சம்மந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் பகலில் ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் தெருவுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்போமே, பள்ளிக்கூடத்தில் உன் அம்மா தன் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் யார் யார் எந்தக் கம்பெனி என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாளே, அப்படி வாழ்கிற நாம் அந்த மனிதரிடம் என்ன பேசுவது?

நீ வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே உன்னிடம் சொன்னேன். நீ கைகால் கழுவிக்கொண்டே கேட்டாய். கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். "பாவம்" என்றாய். அப்புறம், "தகடு இல்லன்னா நான் போகாம இருந்துருவேன்னு நெனைக்கீகளாப்பா? தடுப்பூசி ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு நடந்து போவேன்" என்றாய். "அப்ப தகடு எதுக்கு?" என்று கேட்டேன். "வெயிலுக்கு முன்னால போயிட்டு வந்துரலாம்ல" என்றாய், ஏதோ மாடியில் வற்றல் காயப்போடுகிற காரியம் மாதிரி. மாப்பிள்ளையிடம் பேசினாயா என்று கேட்டதற்கு, "அவுக 'ஒன் இஷ்டம்'னுட்டாக" என்றாய். அது சம்மதமா, வருத்தமா என்று உனக்கும் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

நான் தகடு போட்டேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன் என்று எழுதினால் முழு உண்மையாகாது. நீ நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன், போட்டேன். நீ ஓட்டிப் போவதை நினைத்துப் பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டேனோ என்னவோ. முதலில் இரும்புத் தகடு. நல்ல கனம். மாட்டி முடித்து அடியில் உதைத்துப் பார்த்தபோது கோயில் மணி மாதிரி ஒலித்தது. அந்த மகிழ்ச்சி மூன்று நாள்கூட நிற்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருத்துவ முகாம் என்று நீ ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாய். எனக்கும் அன்று லீவு, கூட வந்தேன். கேட்டில் வாட்ச்மேன் குனிந்து பார்த்தார்.

"சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீக. அடியில என்னது, இரும்பா?"

"ஆமாண்ணே. கல்லு இடிக்காம இருக்கதுக்கு."

"கல்லு இடிக்காது, சரி. இது போய்க் கல்ல இடிச்சா? உள்ள மேடும் பள்ளமுமா கெடக்கு. ஒரசிப் பொறி பறந்துச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல? வெளிய ஓரமாப் போட்டுட்டு நடந்து வாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த இடத்தில் ஆணி அடிக்கிற சுத்தியலுக்கே கணக்குப் பார்ப்பார்கள். மருந்துப் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நாம் நடந்தோம். உனக்குச் சிரிப்பு. எனக்குத் தலை சுற்றியது. மலையில் உன்னைக் காப்பாற்றும் என்று நான் போட்ட அதே பொருள் இங்கே கேட்டுக்குள் விடக்கூடாத பொருள். ஒரு வாரம் முழுக்க இந்த நினைப்புத்தான். இது உன் மாமனார் சொன்னதற்குச் சாட்சியோ என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். இன்னொரு சமயம், இது வெறும் இரும்பு, இதற்கு ஏன் அர்த்தம் தேடுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்கள் அச்சாபீஸில் கழித்துப்போட்ட பழைய மெஷினின் மிதிபலகை கிடந்தது. அலுமினியம், தடித்த தகடு. முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரும்பைக் கழற்றிவிட்டு அதை வெட்டி மாட்டினேன். அலுமினியம் கல்லில் பட்டால் பொறி அவ்வளவாகப் பறக்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மெத்தென்ற உலோகம், ஒவ்வொரு கல்லும் அதில் ஒரு கோடு போட்டுவிடும். இரும்பைப்போல எதிர்த்து நிற்காது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால்தான் இடைவெளியைக் கூட்டி வைத்தேன். வாட்ச்மேன் இந்த முறை காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சரி, போங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் உன்னோடு மலைக்கு வந்தேன். தகடு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன், அதுவும் பொய்யில்லை. ஓடை தாண்டியதுமே ஒவ்வொரு கல்லுக்கும் என் பாதத்துக்குக் கீழே உரசல் கேட்டது.  படி மாதிரி ஒரு பெரிய பாறை குறுக்கே வந்தது. இதுவரைக்கும் அதற்குக் கீழேதான் வண்டியை நிறுத்துவாய், ஆட்கள் அங்கே இறங்கி வருவார்கள் என்று உன் கூட வருகிற ஆயாம்மா பின்னாலிருந்து சொன்னார். நீ இன்றைக்கு அதில் ஏறப்போகிறாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இங்கனயே நிப்பாட்டிரு பாப்பா. வழக்கமா நிப்பாட்டுற எடந்தான."

"சம்பு தட்டும்னுதான்ப்பா நிப்பாட்டுவேன். இப்பத்தான் தகடு இருக்குல்ல."

நீ இறங்கிப் போய்ப் பாறையைச் சுற்றிப் பார்த்தாய். காலால் அழுத்திப் பார்த்தாய். ஆயாம்மாவை மேலே நின்று கை காட்டச் சொன்னாய். இதை எல்லாம் நான் கவனித்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் நீ கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து முதல் கியரில் மெல்ல விட்டாய். முன்சக்கரம் ஏறியது. வண்டி என் பக்கம் சாய்ந்தது. பிறகு முழு எடையும் தகட்டின் மேல் இறங்கிய சத்தம் கேட்டது, தகரக் கூரைமேல் ஆள் விழுந்தது மாதிரி. என் காலுக்கு அடியில் இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டிருந்தேன். ஜீப் வழுக்கிக்கொண்டே முன்னால் போய் அந்தப் பக்கம் இறங்கியது. நீ மூச்சு விட்டாய். அப்போதுதான் நீயும் பயந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்கு ஆறுதலா, இன்னும் பயமா?

குடியிருப்பில் முதல் வீட்டு வாசலில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதியில் ஆறாத புண். கட்டை ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருந்தார். "பாறைல ஒரசுற சத்தம் கேட்டுச்சு சிஸ்டர், அதான் அவுத்துட்டேன்" என்றார். நீ மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலை உன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். அவர் என்னிடம் பேசினார். வாரா வாரம் அந்தப் பாறைக்குக் கீழே வரைக்கும் இந்தக் காலோடு நடந்து வந்து காத்திருப்பாராம். "இன்னைக்குத்தான் வீட்டோட கட்டுப் போடுதாக" என்றார். நான் அந்தப் புண்ணைப் பார்த்தேன். அந்தப் பாறையிலிருந்து அங்கே வரைக்கும் நாம் வந்த தடத்தை நினைத்தேன். பிறகு அவர் குரலைத் தணித்து, நீ கட்டுத் துணியை நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து, "சிஸ்டருக்குக் கல்யாணமாம்ல. அதுக்கப்பொறமும் வருவாகளா?" என்று கேட்டார்.

"வருவா" என்றேன்.

எஸ்தர், நான் ஏன் அப்படிச் சொன்னேன்? உன் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது வாய் திறக்காதவன், பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அது உன் வாழ்க்கை. நீ நாளைக்குப் பிள்ளை உண்டாகலாம், வேலை மாறலாம், உனக்கே அலுத்துப்போகலாம். அந்த "வருவா"வுக்கு நீ கட்டுப்பட வேண்டியதில்லை என்று இங்கே எழுதுகிறேன். எழுதும்போதே அவர் கால் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அடியில் படுத்துப் பார்த்தேன். தகட்டின் நடுவே உள்ளங்கை அளவு உள்வாங்கியிருந்தது. ஒரு போல்ட்டின் தலையைப் பாறை சீவி எடுத்திருந்தது. சம்பில் ஒரு கீறல் இல்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். "பாத்தியா, தகடு இல்லன்னா இந்த இடி சம்புலதான் விழுந்திருக்கும்" என்றேன். அவள், "தகடு இல்லன்னா இவ அந்தப் பாறைல ஏறியே இருக்க மாட்டா" என்றாள். இரண்டும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அவள் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி இன்னும் உள்ளே அடித்துப் பார்த்தாள். பிறகு அவள், "அந்த போல்ட்டுத் தலை வெளிய நீட்டாம இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். மறுநாள் எல்லாத் துளைகளையும் சுற்றித் தட்டிக் குழியாக்கி, தலைகள் உள்ளே அடங்கி உட்காரும்படி செய்தேன்.

நேற்று நீ வார்டில் இருந்தபோது உன் மாமனார் மறுபடி வந்தார். நான் காத்திருக்க வைக்கவில்லை. வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "தகடு போட்டுட்டேன். பிள்ள மேல போயிட்டும் வந்துட்டா. நானும் கூடப் போனேன்."  திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஜீப் நம் வாசலில்தானே நின்றது, அதன் முன்னால் போய் நின்றார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாகக் குனிந்தார், பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தே விட்டார். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். விரல் முட்டியால் தகட்டை ஒருமுறை தட்டினார். அந்தக் குழியைத் தடவினார். நான் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போனது, அதுவும் திரும்பி வந்தது.

"பின்னால இங்கன ஒண்ணும் போடலையே" என்றார், கியர்பாக்ஸ் பக்கம் கையைக் காட்டி. "இம்புட்டு நீளத்துக்குப் பிடிமானம் இல்லாமக் கெடக்கு. இங்கன ஒரு போல்ட்டுப் போடலாம்ல?"

அவர் சம்மதித்துவிட்டாரா, இல்லை இனிமேல் வேறு வழியில்லை என்று நினைத்தாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் போய் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். போகும்போது உனக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

போ என்று எழுதுவதா, போகாதே என்று எழுதுவதா என்று இந்த வரி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். தகட்டுக்கு மேலே காய்ந்த சருகு சேர்ந்தால் சைலன்சர் சூட்டில் புகையும், ஒவ்வொரு முறை இறங்கியதும் கையை விட்டு இழுத்துப் போட்டுவிடு. பாறைக்கு முன்னால் அன்றைக்கு இறங்கிப் பார்த்தாயே, அதை ஒருநாளும் விடாதே, ஏறிப் பழகிய பாறையானாலும் சரி. திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்கு. எல்லாவற்றுக்கும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர். உன் மாமனார் சொன்ன இடத்தில் போட்டதற்கு மட்டும் பத்தொன்பது, அது கொஞ்சம் பெரிய போல்ட். இரண்டு ஸ்பேனரையும் டிரைவர் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அப்பா